500 ஷில்லிங் கஷாயம்

2011 மார்ச். தான்சானியாவின் வடக்கே, லோலியோண்டோ பகுதியிலுள்ள சமுங்கே என்ற குக்கிராமத்தை நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் அணிவகுத்து நின்றன. வந்தவர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஓய்வுபெற்ற லூத்தரன் பாதிரியார் அம்பிலிகிலே ம்வாசபிலே காய்ச்சித் தந்த வேர்க் கஷாயத்துக்குத்தான் இத்தனை கூட்டம். விலை 500 ஷில்லிங். எய்ட்ஸ், நீரிழிவு, புற்றுநோய் எதுவானாலும் ஒரே கோப்பை போதும் என்றார் அவர். வரிசையில் நின்றபடியே 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனதாகச் செய்தி வந்தபோது, கூட்டம் குறையும்வரை புதிதாக யாரும் வர வேண்டாம் என்று பாதிரியாரே கேட்டுக்கொண்டார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன் பக்கத்து உகாண்டாவைப் பார்க்கலாம். உலக சுகாதார அமைப்பின் 2002-ஆம் ஆண்டு ஆவணப்படி, அங்கே 200 முதல் 400 பேருக்கு ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். ஆங்கில மருத்துவரோ 20,000 பேருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். வைத்தியர் உள்ளூர்க்காரர், நோயாளியின் மொழி பேசுபவர், காசைப் பிறகு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். மருத்துவமனை அப்படியா? 2016-இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் இருந்த கதிர்வீச்சு இயந்திரம் பழுதாகி நின்றது. நாட்டிலேயே அது ஒன்றுதான். புதிய இயந்திரத்தின் தொடக்க விழா 2018 ஜனவரியில்தான் நடந்தது.

கஷாயம் செய்யும் பெரிய கேடு, பெரும்பாலும் காலத்தைத் தின்பதுதான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேறு உறுப்புகளுக்குப் பரவாத புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். வசதியான நாட்டிலேயே இந்த நிலை.

அதற்காக மூலிகையே வீண் என்றும் சொல்ல முடியாது. ஜமைக்காவில் நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடித்தார்கள். 1950-களில் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை; எலிகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது; அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் வந்தது. முலாகோவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் 1958-இல் விவரித்த, குழந்தைகளின் தாடையை வீங்கவைக்கும் புற்றுக்கு இன்று தரப்படும் மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று. ஆனால் டன் கணக்கான இலையிலிருந்து கிடைப்பது சில கிராம்தான். அளவு சற்று மிஞ்சினால் நரம்பு பழுதாகும். அடுப்பில் ஏறும் கஷாயத்தில் அந்த அளவை யாரும் அறிய முடியாது.

வைத்தியரைப் பகைக்காமல் நோயாளியைச் சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுவர வழி உண்டா? எய்ட்ஸ் விஷயத்தில் உகாண்டா முயன்று பார்த்திருக்கிறது. 1992-இல் அங்கே தொடங்கிய தீட்டா அமைப்பு, நாட்டு வைத்தியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே பாலம் போட்டது. ஆலோசனை சொல்லவும் நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பவும் வைத்தியர்களைப் பழக்கியது. மார்பில் கட்டி, ஆறாத புண், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, குழந்தையின் தாடையில் வீக்கம் போன்ற அறிகுறிகளையும் அந்தப் பயிற்சியில் சேர்க்கலாம். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.