நினைப்பும் நடப்பும் – 7: ஆசைக்குக் கீழே இன்னொரு வரி

சென்ற வாரம் '369' முறையைப் பார்த்தோம். காலையில் மூன்று தடவை, மதியம் ஆறு தடவை, இரவில் ஒன்பது தடவை ஆசையை நோட்டில் எழுதுகிற பழக்கம். அதைப் படித்தவர்கள் கேட்டிருக்கும் கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: எழுதிவைத்தால் நடக்குமா, நடக்காதா? இதற்கு நானாகப் பதில் சொல்வதைவிட, எழுதிவைத்த ஒருவருடைய நோட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஆக்டேவியா பட்லர் 1947இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பாசடீனாவில் பிறந்தவர். கறுப்பினப் பெண். ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்த அப்பா, மகள் சிறு குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு வெள்ளைக்காரர்கள் வீடுகளில் வேலை. அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களை மகளுக்காக எடுத்து வருவார். மகளுக்கோ டிஸ்லெக்ஸியா, எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம். ஆனாலும் பத்து வயதில் அம்மாவை நச்சரித்து ஒரு டைப்ரைட்டர் வாங்கிக்கொண்டாள் அந்தச் சிறுமி. எழுத்தாளராகப் போகிறேன் என்றதும், நம் இனத்தார் எழுத்தாளராக முடியாதம்மா என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பரிவோடுதான் சொன்னார்.

1988இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நோட்டின் அட்டை உட்புறத்தில் பட்லர் தன் ஆசைகளை வரிசையாக எழுதினார். தன் நாவல்கள் ஒவ்வொன்றும் அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் ஏறும். லட்சக்கணக்கானோர் படிப்பார்கள். நல்ல தெருவில் அழகான வீடு வாங்குவேன். அம்மாவுக்கு மிகச் சிறந்த மருத்துவம் கிடைக்கச் செய்வேன். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை எழுத்துப் பட்டறைக்கு அனுப்பி வைப்பேன். இவையெல்லாம் நடந்தே தீரும் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் தனக்கே ஓர் உத்தரவும் போட்டார்: இதை நடத்திக் காட்டுவது உன் பொறுப்பு.

இந்தப் பக்கத்தின் படம் இணையத்தில் லட்சக்கணக்கானோர் கைக்குப் போயிருக்கிறது. ஆசைப்பட்டதை எண்ணத்தாலேயே வரவழைக்கலாம் என்கிற மேனிஃபெஸ்டேஷனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சிலாகிக்கிறார்கள். ஆனால் அது ஒரே ஒரு பக்கம். பாசடீனாவை ஒட்டிய சான் மரினோவில் இருக்கும் ஹன்டிங்டன் நூலகத்தில் பட்லரின் காகிதங்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதிகள், குறிப்பேடுகள், இன்று இவ்வளவு எழுத வேண்டும் என்ற இலக்குகள், செலவுக் கணக்கு. பிரபலமான அந்தப் பக்கத்தை இந்தப் பெட்டிகளோடு சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பக்கத்துக்கு இருபது வருடம் முன்னால் போனால் இது விளங்கும். நிரந்தர வேலையைத் தேடாமல், மூளையை அதிகம் கேட்காத வேலைகளாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பாத்திரம் கழுவினார். டெலிபோனில் பொருள் விற்றார். உருளைக்கிழங்கு சிப்ஸ் தயாரிக்கும் இடத்தில் சிப்ஸ் தரம் பார்த்தார். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதுவார், பிறகு வேலைக்குக் கிளம்புவார். பகல் முழுக்க அடுத்தவருக்கு உழைத்து ஓய்ந்த தலையோடு இரவில் எழுத உட்கார்ந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் நாளின் முதல் விளைச்சலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

1970இல் பென்சில்வேனியாவில் நடந்த கிளாரியன் எழுத்துப் பட்டறைக்குப் போனார். இரண்டு கதைகள் விலைபோயின. இனி ஏறுமுகம்தான் என்று யாருக்கும் தோன்றும். அடுத்த ஐந்து வருடம் ஒரு வார்த்தைகூட விற்கவில்லை. 1974 கடைசியில் வேலையும் போனது. அப்போதுதான் நாவலில் முழுமூச்சாக இறங்கினார். 'பேட்டர்ன்மாஸ்டர்' 1976இல் வெளிவந்தது. எழுத வருகிறவர்களுக்காகப் பின்னாளில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், உந்துதலை நம்பாதே, பழக்கத்தை நம்பு என்பதுதான் சாரம்.

ஆசையை எழுதுவதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் கேப்ரியேலே ஓட்டிங்கன் ஆராய்ந்திருக்கிறார். எடை குறைப்புப் பயிற்சிக்கு வந்த பெண்களில், மெலிந்துவிட்டதுபோல இன்பமாகக் கற்பனை செய்தவர்களுக்கு எடை குறைந்தது குறைவாகத்தான். என்னால் முடியும் என்று நம்பியவர்களுக்கோ கூடுதலாகக் குறைந்தது. நம்பிக்கை வேறு, பகல் கனவு வேறு என்று பிரித்துக் காட்டியதுதான் அந்த ஆய்வின் அருமை. கனவிலேயே பந்தி முடிந்துவிட்டால் அடுப்பைப் பற்றவைக்க யாருக்கு மனம் வரும்?

ஓட்டிங்கனின் கணவர் பீட்டர் கோல்விட்சர், இன்னொரு முனையைப் பிடித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொன்னபடி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ஆசை இரு தரப்புக்கும் ஒன்றே. பட்லரின் இரண்டு மணி இதுதான்.

1995இல் பட்லருக்கு மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நிதி நல்கை கிடைத்தது. அறிவியல் புனைகதை எழுதுகிறவர் ஒருவருக்கு அது போனது அதுவே முதல் முறை. 2006இல், 58 வயதில் காலமானார். பட்டறைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்ற ஆசை? அவர் பெயரில் கார்ல் பிராண்டன் சங்கம் உதவித்தொகை ஏற்படுத்தி, வெள்ளையரல்லாத எழுத்தாளர்களை கிளாரியனுக்கு அனுப்புகிறது. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் அவர் நாவல் ஏறியது 2020இல். அந்த 'பாரபிள் ஆஃப் தி சோவர்' வெளியானதோ 1993இல்.

பிரபஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தது, தாமதமாகக் கொடுத்தது என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. 2020இல் வாசகர் கடையில் கேட்டபோது கொடுக்க ஒரு புத்தகம் இருந்ததென்றால், அதைப் பக்கம் பக்கமாக எழுதி முடித்த ஒருவர் இருந்தார். அவரைப் போலவே விடியலுக்கு முன் எழுந்து உழைத்தும் கைக்கு எதுவும் எட்டாதவர்கள் எத்தனையோ பேர். அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

369 எழுதுகிறவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. எழுதிய ஆசைக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: நாளைக்கு எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறேன். அந்த நேரம் வரும்போது பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளி, கரன்ட் இல்லை என்று ஏதாவது குறுக்கே வரும். அதற்கு ஓட்டிங்கன் ஒரு வழி வகுத்திருக்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.