உள்ளங்காலையும் பார்ப்போம்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் சுங்கை சோ. இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த தமிழர்களுக்கு வெயில் புதிதன்று. ‘கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது’ என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. இது பாதி உண்மையே.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது சூரியனின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுக்கிறது. ஆகவே, வெள்ளையர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. ஆனால், வரவே வராது என்று சொல்ல முடியாது. மெலனோமா என்னும் கொடிய வகை, கறுத்த தோலுடையவர்களுக்கு வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் தோன்றுகிறது. வேறொரு வகை, பழைய தீக்காயத் தழும்பிலும் நெடுநாள் ஆறாத புண்ணிலும் உருவாகலாம். இவ்விடங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதனால் நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது.

உலகப் புகழ்பெற்ற ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் வாழ்வு இதற்குச் சான்றாகும். அவரது கால் பெருவிரல் நகத்தின் அடியில் மெலனோமா இருப்பது 1977ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே அது முதலில் கருதப்பட்டது. விரலை அகற்ற வேண்டும் என்ற மருத்துவ ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் உடலெங்கும் பரவி, 1981இல் தமது 36ஆவது வயதில் அவர் காலமானார்.

தோலைச் சோதிக்கச் செலவு எதுவுமில்லை. மாதம் ஒருமுறை குளித்தபின், நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை பார்த்தால் போதும். விரலிடுக்குகளையும் நகங்களையும் விட்டுவிடக் கூடாது. உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கலாம். முதுகைப் பார்க்க வீட்டார் உதவலாம். நாள் முழுவதும் பூட்ஸ் அணிந்து வேலை செய்யும் தாத்தா, பாட்டியின் பாதங்களைப் பேரப்பிள்ளைகளே பார்த்துச் சொல்லலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உள்ளன. மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்தல், நாளடைவில் மாறுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். நகத்தில் பழுப்புக் கோடு இருப்பது நம்மில் பலருக்கு இயல்பே. எனினும், ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோட்டையும், வாரக்கணக்கில் ஆறாத புண்ணையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

இத்தகைய மாற்றத்தைக் கண்டால், மருந்துக்கடைக் களிம்பைப் பூசிக் காத்திராமல் அரசாங்க கிளினிக்கை நாட வேண்டும். அங்கு மலேசியக் குடிமக்களுக்கான கட்டணம் ஒரு ரிங்கிட்தான். சந்தேகம் இருந்தால், மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். தொடக்க நிலையில் இருக்கும் புற்றுநோயைப் பெரும்பாலும் சிறிய அறுவை சிகிச்சையிலேயே அகற்றிவிடலாம். பரவிய பின்னரோ, அதைக் குணப்படுத்துவது கடினம்.

முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கிறோம். நம்மைச் சுமக்கும் பாதங்களை மாதம் ஒருமுறையாவது பார்ப்போம்.