பெயருக்கும் விலையுண்டு

நிலத்தை விற்பார் உளர். நெல்லை விற்பார் உளர். வெறும் பெயரை விற்பாரும் உளரோ என ஒருவர் வினவியிருப்பின் நம் முன்னோர் நகைத்திருப்பர். இன்றோ அவ்வணிகம் உலகெங்கும் நடைபெறுகின்றது. இணையத்தளங்களும், அவற்றின் முகவரியாய் அமையும் ஆள்களப் பெயர்களும், காணி பூமியைப் போலக் கைமாறுகின்றன. தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி ஏனோ எனச் சிலர் கேட்கலாம். சொல்லின் மதிப்பை ஆராய்தல் எம் தொழில். ஒரு சொல் கோடிக்கணக்கில் விலைபோதலைக் கண்டும் வாளாவிருத்தல் எங்ஙனம்? அன்றியும், இதனை அறியாமையால் யாம் இழந்ததும் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. நீண்ட எண்களை நினைவிற் கொள்ளல் மாந்தர்க்கு அரிது. ஆகலின் எண்களுக்கு ஈடாகப் பெயர்களை வழங்கும் முறையை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். 'டொட் கொம்' என்னும் ஈறுடைய பெயர்களுள் முதலிற் பதியப்பட்டது 'சிம்பொலிக்ஸ்' என்பது. அது நிகழ்ந்தது 1985 மார்ச் 15இல். நம் நாட்டிற்குரிய 'எல்கே' என்னும் ஈறு 1990இல் தோன்றியது. 'இலங்கை' எனத் தமிழெழுத்திலேயே முடியும் பெயர்களையும் இன்று பதியலாம்.

ஈண்டு முதற்கண் உணரற்பாலது ஒன்றுண்டு. இப்பெயர்கள் அறுதியாக விற்கப்படுவன அல்ல, குத்தகை போன்றன. ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்தல் வேண்டும். 'கொம்' ஈற்றுப் பெயரை ஒரே முறையிற் பத்தாண்டு வரை பதிந்து கொள்ளலாம். அதற்கு மேல் இயலாது. ஒருவர் பெயரை 'வாங்கினார்' என்னுமிடத்து, அக்குத்தகை உரிமையை வாங்கினார் என்பதே பொருளாம்.

இனி, விலை அமையும் முறையை நோக்குவாம். பொன்னுக்குப் போல் இதற்கு நாள்விலை இல்லை. அயற்காணி எவ்விலைக்குப் போயிற்று எனப் பார்த்துக் காணி மதிப்பார் போல, ஒத்த பெயர்களின் முன்னை விலைகளையே தரகர் நோக்குவர். சுருக்கமும், பொருள் தெளிவும், வணிகப் பயனும் விலையை உயர்த்துவன. 'வணிகம்' எனப் பொருள்படும் 'பிஸ்னஸ் டொட் கொம்' 1997இல் 1,50,000 டொலருக்கு விற்கப்பட்டது. 1999இல் 75 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. 'குரல்' எனப் பொருள்படும் 'வொய்ஸ் டொட் கொம்' 2019இல் 3 கோடி டொலருக்கு விலைபோயிற்று.

செவியாற் கேட்டதும் பிழையின்றி எழுதக்கூடியதாதல் மற்றுமோர் இன்றியமையாப் பண்பு. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் எழுதுமிடத்து இதன் அருமை புலனாம். ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். நெடிலையும் குறிலையும் வேறுபடுத்துவார் சிலரே. எனவே ஒரு சொற்கு நான்கு வடிவங்கள் தோன்றும். தேடி வருவோர் அயல் வாயிலைத் தட்டுவர். பெயரின் மதிப்புங் குறையும்.

ஈறும் செல்வமாதல் உண்டு. பசிபிக் கடலிலுள்ள துவாலு என்னுஞ் சிறு நாட்டிற்கு 'ரீவீ' என்னும் ஈறு தற்செயலாக வாய்த்தது. தொலைக்காட்சியைக் குறிக்கும் அவ்வீற்றினாற் பெற்ற பணத்தின் துணைகொண்டே அந்நாடு 2000இல் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புரிமையைப் பெற்றது. எனினும் இவற்றைக் கண்டு மயங்குதல் தகாது. ஆதாயங் கருதிப் பதியப்படும் பெயர்களுட் பெரும்பாலானவை வாங்குவாரின்றியே கிடக்கின்றன.

பெயர் காணியெனின் இணையத்தளம் அதன்கண் எழுந்த கடை எனலாம். கடையை மதிப்பார் அதன் வருவாயை நோக்குதல் போல, சிறிய தளங்களைப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டு நிகர இலாபத்தை அளவாகக் கொண்டு மதிப்பர். வருவோர் மெய்யானவர்களா, வருவாய்க்குச் சான்றுண்டா, கட்டுரைகள் சொந்தமானவையா என ஆராய்ந்த பின்னரே வாங்குதல் வேண்டும். பணத்தை நேரே கொடாது, நம்பத்தக்க நடுவரிடம் ஒப்படைத்து, உரிமை கைக்கு வந்தபின் விடுவித்தலே அறிவுடைமை.

பிறர் புகழ்பெற்ற பெயரைத் தாம் பதிந்து பணம் பறிக்க முயல்வாரும் உளர். 1994இல் யோசுவா குயிற்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் மக்டொனால்ட் உணவு நிறுவனத்தின் பெயரைத் தாமே பதிந்து, இவ்வாபத்தை உலகிற்கு உணர்த்தினார். புரூக்ளினிலுள்ள பாடசாலை ஒன்றிற்கு அந்நிறுவனம் 3,500 டொலர் நல்கவே, பெயரைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அவ்வாறு பெருந்தன்மையுடையரல்லர். ஆகலின் இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கும் பொதுவிதிகள் 1999இல் வகுக்கப்பட்டன.

இனி எம் இழப்பைக் கூறுவாம். யாம் முன்னர்க் கற்பித்த ஊரிற் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் மலர்க்குழுவில் யாமும் இருந்தோம். பழைய மலர்களையும் ஒளிப்படங்களையும் அரிதின் தேடித் தளத்தில் ஏற்றினோம். அன்பர் ஒருவர் அதன் பெயரைத் தம் பெயரிலேயே பதிந்து, கட்டணத்தையும் தாமே செலுத்தி வந்தார். அவர் காலமானார். புதுப்பிக்குமாறு வந்த அறிவித்தல்கள் அவர்தம் மின்னஞ்சலிற் படிப்பாரின்றிக் கிடந்தன. தளம் மறைந்தபோது கருவிப் பழுதென எண்ணி யாம் வாளாவிருந்தோம். 'கொம்' ஈற்றுப் பெயர் தவணை கடந்தவுடன் போய்விடுவதில்லை. புதுப்பிக்கச் சில கிழமைகள் தருவர்; பின்னரும் மிகுகட்டணத்துடன் மீட்க 30 நாள் உண்டு; அதற்குப் பின் 5 நாளில் அது பொதுவாகும். இவற்றுள் ஒன்றையும் யாம் அறிந்திலேம். மூன்று திங்கள் கழித்துக் கனடாவிலிருந்து எம் மாணவர் ஒருவர் எழுதினார்: "ஐயா, எங்கள் பாடசாலையின் பெயரைத் திறந்தாற் சூதாட்ட விளம்பரம் வருகின்றதே!" புதிய உரிமையாளர் 2,000 டொலர் கேட்டார், சங்கத்தின் பெட்டியில் அதன் பத்திலொரு பங்கும் இல்லை. சந்தையில் எவரும் மதியாத அப்பெயர், இழந்தபின் எமக்கு விலைமதிப்பற்றதாயிற்று.

ஆகலின் சங்கங்கள் செய்யத்தக்கன மூன்று. பெயரைத் தனியொருவர் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரிற் பதிக. அறிவித்தல்கள் செயலாளர், பொருளாளர் இருவர்க்கும் செல்லுமாறு செய்க. தவணை முடியும் நாளை ஆண்டறிக்கையிற் பொறித்துப் பல்லாண்டுகளுக்கு முற்பணஞ் செலுத்துக. இவற்றுக்கு ஆகுஞ் செலவு ஒரு தேநீர் விருந்தின் செலவினுங் குறைவே.

விழாக் கொண்டாடும் இவ்வாண்டில் நம் கல்லூரிக்கு மண்டபம் எழுப்புவார் எழுப்புக. பரிசில் நிறுவுவார் நிறுவுக. முன்னோர் ஈட்டித் தந்த பெயரையும் ஒருவர் காவல் புரிக. வாழிய நம் கல்லூரி!