வேறுபட்ட மொழியும் ஒன்றுபட்ட பண்ணும்

நாட்டெல்லையாலும் மொழியாலும் பிரிந்து நிற்போரை இசை ஒன்றுபடுத்தும் என்பது பலரும் கூறுவது. அஃது எத்துணை உண்மை என்பதைச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றின் சில பகுதிகள்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சேரமான் பெருமாளோடு மதுரையை அடைந்த நாயனார், பாண்டியனும், அவன் மகளை மணந்து அங்கிருந்த சோழனும் உடன்வரத் திருப்பரங்குன்றஞ் சென்று இந்தளப் பண்ணில் ஒரு பதிகம் அருளினார் என்பர் சேக்கிழார். மூவேந்தர் முன் பாடியதை அப்பதிகத்தின் இறுதித் திருப்பாட்டில் நாயனாரே குறித்துள்ளார். ஆங்குப் பாடிய பொருள் எவ்வரசன் புகழுமன்று. இறைவனுக்கு ஆட்செய்தலின் அருமையே. ஆகலின் முடிமன்னர் மூவரும் அவ்விசைமுன் அடியார் என்னும் ஒரு நிலையினராயினர். அரசெல்லைகள் அழிந்தில, அவற்றினும் உயர்ந்ததோர் உறவு புலப்பட்டது.

பின்னர்ச் சேரநாட்டினின்றும் பெரும்பொருளோடு மீளுங்கால், இன்றைய திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் வேடுவர் அதனைக் கவர்ந்தனர். அவரை வடுகர் என்றே பதிகங் கூறும். வேற்றுமொழியினர் என்பது கருத்து. அவர்தங் கொடுமையை நாயனார் மறையாது பாடினார். ஆயினும், அவர் இறைவன் ஏவலால் வேட்டுவ வடிவு கொண்ட சிவகணத்தவரே என்பது பெரியபுராணம். அயலார் எனக் கருதப்பட்டோர் பெருமானுக்கு அணுக்கராயிருந்தமை உன்னத்தக்கது.

அப்பதிகத்தின் பண் பழம்பஞ்சுரம். மீண்டும் சேரநாடு செல்லும் வழியில், முதலை விழுங்கிய மகவை மீட்க அவிநாசியிற் பாடிய பதிகத்தின் பண் குறிஞ்சி. இவற்றை முறையே சங்கராபரணம், அரிகாம்போதி என்னும் இராகங்களில் ஓதுதல் மரபு. இவ்விரண்டன் சுரத்தானங்களே வடநாட்டிசையில் பிலாவல், கமாஜ் என்னும் தாட்டுக்களாக வழங்குகின்றன. பெயரும் கமகமும் பாடும் முறையும் வேறு. அடிப்படைச் சுரங்கள் ஒன்றே.

இன்று திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவருள் ஒருவர் அவிநாசிக் கோயிலில் இப்பதிகம் ஓதக் கேட்பின், சொற்பொருள் விளங்காதாயினும் சுரவழி அவர் செவிக்கு முற்றிலும் அயலாகாது. எனினும், செவி அறிந்த அளவில் உறவு நிரம்பாது. அருகே இடமளித்து, அவர் அறிந்த மொழியிற் பொருளை எடுத்துரைப்பாரும் வேண்டும். அது செய்யாது, இசை யாவர்க்கும் பொது எனப் பேசுதல் வெறுஞ்சொல்லேயாம். வடுக வேடுவரைச் சிவகணமெனக் காட்டும் நூலைப் போற்றி ஓதும் அன்பர்க்கு இஃது அரியதொரு செயலன்று.