லயத்துப் படிக்கு ஒரு கால்

வீட்டு வாசலிலிருந்து பீலிக்கு இறங்க எத்தனை படி என்று எண்ணியிருக்கிறீர்களா? மடுல்கெல்லத் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வாயில் வராது, காலுக்குத்தான் தெரியும். ஆனால் வீடு தேடி வந்து முதல் வேலையாக அதை எண்ணும் ஒருவர் உண்டு. அவர்தான் கால் செய்பவர்.

தொழிலின் பெயர் நாக்கைச் சுளுக்க வைக்கும்: புரொஸ்தெட்டிஸ்ட், ஓர்த்தோட்டிஸ்ட். இழந்த கைகாலுக்குச் செயற்கை உறுப்பு செய்வது முதல் வேலை. இருக்கிற கால் வளைந்தோ வலுவிழந்தோ போனால் அதற்குத் தாங்கி செய்வது இரண்டாவது. பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள்தான் படிப்பார். இலங்கையில் இதற்கான பள்ளி ராகமையில் 2004இல் தொடங்கியது.

சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்ட ஒரு தாத்தா இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய முழு எடையையும் மிஞ்சிய கால் தாங்க வேண்டும். எந்த இடத்தில் தாங்கும்?

உங்கள் காலிலேயே பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்துங்கள். கயிறு போல ஒரு தசைநார் தட்டுப்படும். அழுத்தினாலும் அது பொறுத்துக்கொள்ளும். இப்போது காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு எலும்பு மொட்டு இருக்கும். அங்கே மெதுவாக! அதையொட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அழுத்தம் பட்டால் சுளீரென்று இருக்கும்.

அதனால் கால் செய்பவர் மிஞ்சிய காலுக்கு மெல்லிய உறை மாட்டி, வலிக்கும் இடங்களையும் தாங்கும் இடங்களையும் ஊதாப் பென்சிலால் குறிப்பார். மேலே பிளாஸ்டர் துணியைச் சுற்றுவார். ஈரம் பட்ட பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். தூளாக்குவதற்காகச் சுட்டபோது இழந்த நீரை அது திரும்பப் பிடிக்கிறது, அப்போது வெளியேறுகிற வெப்பம்தான் அது. கழற்றினால் உட்புறத்தில் ஊதாக் கோடுகள் பதிந்திருக்கும்!

அந்த அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றினால் காலின் பிரதி கிடைக்கும். தாங்கும் இடத்தில் அதைச் செதுக்குவார், வலிக்கும் இடத்தில் அப்புவார். பிறகு பொலிப்ரொப்பிலீன் தகட்டைப் போறணையில் இளக்கி அதன்மேல் போர்த்துவார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். ஆறியதும் மிஞ்சிய கால் நுழையும் கிண்ணம் தயார். செதுக்கிய இடம் காலை இறுகப் பிடிக்கும், அப்பிய இடம் இடைவெளி விடும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

கிண்ணத்துக்குக் கீழே பாதம் வேண்டும். சப்பாத்துப் போட்டுச் சமதரையில் நடப்பவர்களுக்காகச் செய்த பாதம் பாயில் குந்துகிறவருக்கு உதவாது. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் ரப்பரால் வளையும் பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சேற்றிலும் இறங்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்குகிறது.

இனிப் படிக்கட்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். ஏன்? இரண்டு தடவையும் முழங்காலை மடக்கி நீட்டி உடம்பைத் தூக்குவதும் இறக்குவதும் நல்ல காலின் தசைதான். கால் செய்யும் பட்டறையின் வழுவழுப்பான தரையில் இதைப் பழகிவிட்டு வந்தால், பாசி பிடித்த, ஒன்றுபோல் ஒன்று உயரமில்லாத கற்படிகளில் தடுமாற வேண்டிவரும். அதனால்தான் வீட்டுக்கே வந்து பழக்குவது நல்லது.

இன்னொன்று. பகல் முழுக்க நடந்தால் மிஞ்சிய கால் மாலையில் சற்றுச் சுருங்கிவிடும், கிண்ணம் லொடலொடக்கும். அப்போது தாத்தா உள்ளே இன்னொரு காலுறை மாட்டிக்கொள்வார். நக்கிள்ஸ் மலையிலிருந்து மூடுபனி இறங்கும் மாதங்களில் காலுறை கொடியில் காயாது, அடுப்புக்கு மேலேதான் காய வேண்டும். காலுறையைத் தொங்கவிடலாம், பக்கத்தில் செயற்கைக் காலைச் சாய்த்து வைக்கக்கூடாது. சூட்டில் வளைந்து உருவான பிளாஸ்டிக், சூடு பட்டால் மறுபடியும் வளையும்.

அடுப்பு எங்கே இருக்கிறது என்று கால் செய்பவர் எட்டிப் பார்ப்பதும் அதனால்தான்.