தாய்க்கும் ஒரு தவணை

கர்ப்பம் தரித்த நாள் தொட்டுப் பிள்ளை பிறக்கும் வரையில் ஒரு பெண்மணி வைத்தியரைச் சந்திக்கும் அளவுக்குத் தன் ஆயுளில் வேறெப்போதும் சந்திப்பதில்லை. எடையும் இரத்தமும் சிறுநீரும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுகிற அந்த மாதங்களிலும், வலியோ உதிரப்போக்கோ தோன்றாத வரையில், கர்ப்பப்பை வாயைப் பற்றி விசாரிப்பவர் அரிது.

அந்த வாயில் உண்டாகும் புற்றுநோய்க்கு ஹெச்.பி.வி. என்னும் வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் புகுந்து உயிரணுக்கள் விகாரமடைந்து புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷங்கள் பிடிக்குமாதலால், இடைப்பட்ட காலத்தில் பேப் ஸ்மியர் எடுத்தோ, வைரஸைத் தேடியோ, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வதுபோல் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி எங்கேனும் வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தோ, நோய் முற்றுமுன் தடுத்துவிடலாம். எளிய முறைதானே என்று இந்த அமிலச் சோதனையை இகழ்வதற்கில்லை: திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஸ்திரீகளிடையே இந்நோயினால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

கர்ப்பிணிக்கு இதைச் செய்யலாமா? பஞ்சுக் குச்சியோ சிறு கரண்டியோ கொண்டு மாதிரி எடுத்தால் கரு கலைந்துவிடும் என்ற பீதிக்கு ஆதாரமில்லை. ஆயினும் தேசத்துக்குத் தேசம் வழக்கம் மாறுகிறது: அமெரிக்காவில் சோதனைத் தவணை வந்துவிட்டவளுக்குக் கர்ப்ப காலத்திலேயே எடுத்துவிடுகிறார்கள், பிரிட்டனிலோ, முன்பு கோளாறு ஏதும் காணாதவளைப் பிரசவமாகி 12 வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களின் பெருக்கத்தால் உள்வாயின் மெல்லிய சவ்வு வெளியே விரிந்து, தொட்டாலே இரத்தம் கசியும். பிரசவத்தின் பின்னரோ, புண் ஆறும் உயிரணுக்களும், தாய்ப்பால் கொடுக்கையில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்த உயிரணுக்களும் நோயுற்றவற்றைப் போல வேஷம் போட்டு, சோதிப்பவரை மயக்கிவிடக் கூடும்.

கர்ப்பத்தின்போதே கோளாறு புலப்பட்டால் கலங்க வேண்டியதில்லை. கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது சிசுவுக்குத் தீங்கானதன்று. புற்றாகவே இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தாலன்றிச் சதை கிள்ளி எடுப்பதில்லை. ஆரம்ப மாறுதல்களுக்குரிய சிகிச்சையும் பிரசவத்துக்குப் பிறகே. அவற்றில் பல தாமாகவே மறைந்துவிடுவதும் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்கு உதிரம் பட்டால் ‘உடம்புச் சூடு’ என்று வீட்டிலேயே தீர்ப்பளித்துவிடாமல் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

ஒத்திவைப்பதில் எனக்குள்ள அச்சம் வேறு. பச்சை உடம்புக்காரியைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தள்ளிப் போட்ட காரியம், பிள்ளையின் அழுகையிலும் தாயின் தூக்கமின்மையிலும் அடியோடு மறந்துபோகிறது. நம் நாட்டிலோ குழந்தையின் தடுப்பூசிகள் 6, 10, 14-ஆம் வாரங்களில் வருகின்றன. பிரிட்டனில் சொல்லும் அந்தப் பன்னிரண்டு வாரக் கெடு தீர்ந்தபின் வருவது பதினான்காம் வாரத்து ஊசிதான். கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கான அரசாங்கத் திட்டம் 30 வயதில்தான் தொடங்குவதால் தலைப்பிரசவக்காரிகளில் பலர் இன்னும் காத்திருக்க வேண்டியவர்களே. மற்றவர்களுக்கு, குழந்தையின் அட்டையில் தேதி குறிக்கும் செவிலியர் தாயின் சோதனையையும் அதே நாளில் குறித்துவிட்டால் தனியாக ஒரு பிரயாணம் மிச்சமாகும். அதற்குப் பிடிக்கும் சில நிமிஷங்கள் பிள்ளையை வைத்துக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ எப்படியும் கூட வந்திருப்பார்கள்.