நாளுக்கு அரை ஃபாரம்: வாசிப்பின் வரவு செலவு

டெம்மித் தாள் ஒன்றை இருபுறமும் அச்சடித்து மூன்று முறை மடித்தால் 16 பக்கம் வரும். அச்சகத்தில் இதை ஒரு ஃபாரம் என்பார்கள். காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாம் ஃபாரக் கணக்கில்தான் ஓடும். தையல் போட்ட புத்தகத்தின் முதுகை மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபாரமும் தனித்தனிக் கட்டாகத் தெரியும். 320 பக்க நாவல் என்றால் 20 கட்டு.

வாசிப்பவருக்கும் இதைவிட நல்ல அலகு இல்லை. ஆண்டுக்கு 50 புத்தகம் என்று புத்தாண்டில் சபதம் எடுக்கிறோம். 50 புத்தகம் என்றால் 16,000 பக்கம். நாளுக்கு 44 பக்கம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வேலைக்குப் போய்த் திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து உறங்கப் போகிறவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வரும்? சபதம் பொங்கலோடு நின்றுவிடும். குறை ஆசையில் இல்லை, அளவில்தான் இருக்கிறது. நாளுக்கு அரை ஃபாரம், அதாவது 8 பக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நேரம்

டெம்மிப் பக்கம் ஒன்றில் சுமார் 30 வரி, வரிக்கு 7 அல்லது 8 சொல். நிதானமாக வாசித்தால் பக்கத்துக்கு 2 நிமிடம் பிடிக்கும். அவரவர் வேகத்தைக் கடிகாரம் வைத்து ஒரு முறை அளந்துகொள்வது நல்லது. எல்லாப் புத்தகமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஆங்கில வாசிப்பைப் பற்றிய 190 ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்கள் புனைகதையை நிமிடத்துக்கு 260 சொல்லும் மற்ற உரைநடையை 238 சொல்லும் வாசிக்கிறார்கள். கனமான வரலாற்று நூலை எடுத்த வாரத்தில் 8 பக்கம் 5 பக்கமாகக் குறைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

விலைக்கு வருவோம். இன்றைய தமிழ் நூல்களில் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேலே விழுகிறது. ரூ. 1.25 என்று கொள்வோம். 320 பக்க நாவல் ரூ. 400.

நாள்: 8 பக்கம், 16 நிமிடம், ரூ. 10
மாதம்: 240 பக்கம், 8 மணி நேரம், ரூ. 300
ஆண்டு: 2,920 பக்கம், 97 மணி நேரம், ரூ. 3,650
40 ஆண்டு: 1,16,800 பக்கம், 365 புத்தகம்

கடைத் தேநீர் ஒன்றின் காசுக்குள் ஒரு நாள் வாசிப்பு அடங்கிவிடுகிறது. ஆனால் பட்டியலின் கடைசி வரியைத்தான் நின்று பார்க்க வேண்டும். 25 வயதில் தொடங்கி 65 வரை ஒழுங்காக வாசித்தால் 365 புத்தகம். ஒரு ஆயுளுக்கு அவ்வளவு இடம்தான் இருக்கிறது. அந்த இடங்களில் எதை வைக்கிறோம் என்பதே வாசிப்பின் மெய்யான செலவு.

வீண்செலவு

பிடிக்காத 320 பக்க நூலைக் கடமைக்காக வாசித்தால் 40 நாள் போகும். பெரும்பாலும் 40 நாள் முடியும் முன்பே வாசிப்பு நின்றுபோகும். இரண்டு ஃபாரம் பார்த்துவிட்டு மூடிவைத்தால் செலவு நான்கு நாள். மிச்சம் 36 நாள். பாதியில் விடுவதைக் குற்றமாக நினைத்துக்கொண்டு புத்தகத்தையே கைவிட்டவர்கள் ஏராளம். 32 பக்கம் வாசித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் அடுத்ததை எடுங்கள். அந்த நூல் இன்னொருவருக்கானது, அல்லது பத்து வருடம் கழித்து உங்களுக்கே ஆகிவரலாம்.

இந்தச் சோதனையைச் சொந்தக் காசில் செய்ய வேண்டாம். அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. அவர் முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியே வந்த நூலக வரி இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 2,000 ரூபாய் வரி கட்டும் வீடு 200 ரூபாயை நூலகத்துக்குக் கட்டிவிட்டது. தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. காப்புத்தொகையும் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு நாவலின் விலை ஆகாது. பணம் கட்டிய சொத்தை அனுபவிக்காமல் விடுவது நமக்கு நட்டம்.

பழைய நூல்களுக்கு இந்தச் செலவும் இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்கப் பாடல்கள் முதலான நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

நூலகத்தில் சோதித்துப் பிடித்ததை விலைக்கு வாங்கலாம். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவும் உண்டு. ஆண்டின் 9 புத்தகத்தில் 5 நூலகத்தில் எடுத்து, 4 மட்டும் காட்சியில் வாங்கினால் ரூ. 1,600-க்குக் கழிவு போக ரூ. 1,440. மாதத்துக்கு ரூ. 120. வாங்கிய நாவலை வீட்டில் ஒருவர் மட்டும் வாசித்தால், முழு விலைக் கணக்கில் மணிக்கு 37 ரூபாய் 50 காசு. நான்கு பேர் வாசித்தால் ஆளுக்கு மணிக்கு 10 ரூபாய்கூட ஆகாது.

பழக்கம்

எத்தனை நாளில் பழக்கம் படியும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. குறைந்தது 18 நாள், கூடுதலாக 254 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. வாரம் ஒரு நாள் விட்டாலும் ஆண்டுக்கு 2,500 பக்கம் தேறும்.

66 நாளை நம் அலகுக்கு மாற்றினால் 528 பக்கம், 33 ஃபாரம். முதல் 33 ஃபாரம் இன்பமாக ஓடிவிட்டால் பிறகு தள்ள வேண்டியதில்லை. அதனால் பெரிய நூலில் தொடங்காதீர்கள். தண்ணீருக்கு அலையும் சென்னைத் தெருவைக் காட்டும் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, மீனவக் குடும்பத்தின் கதையான வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, கரிசல் மண்ணில் ஊர் உருவான கதையைச் சொல்லும் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ மூன்றும் சிறிய நாவல்கள். இரண்டு மாதத்துக்கு இவையே போதும்.

சிறு அளவு நம் வாசிப்புக்குப் புதிதும் அல்ல. ‘பொன்னியின் செல்வன்’ 5 பாகம், 293 அத்தியாயம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. சராசரியாக வாரத்துக்கு இரண்டு அத்தியாயம்கூட இல்லை. அந்த அளவை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை மூன்றரை ஆண்டு வந்தியத்தேவனோடு பயணம் போனது. இன்று நாளுக்கு ஓர் அத்தியாயம் வாசிப்பவர் பத்து மாதத்துக்குள் முடித்துவிடுவார். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை இணையத்தில் அன்றாடம் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல். அதையும் தினம் ஓர் அத்தியாயமாகவே தொடர்ந்து வாசித்தவர்கள் உண்டு. திருக்குறளில் 133 அதிகாரம். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 10 குறள், 70 சொல். நாலரை மாதத்தில் நூல் முடியும்.

வரவு

வரவுப் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது 40 நாள் என்ற எண்ணை. ஒரே மூச்சில் முடித்த நாவல் ஒரு வாரத்தில் மங்கிவிடும். 40 நாள் வாசித்த நாவலின் மனிதர்கள் அந்த 40 நாளும் வீட்டில் குடியிருப்பார்கள். பேருந்தில் நிற்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவர்கள் நினைவு ஓடும்; அடுத்து என்ன ஆகும் என்று மனைவியிடமோ மகளிடமோ சொல்லிப் பார்ப்போம். 16 நிமிடச் செலவுக்கு நாள் முழுவதும் வரவு. எத்தனை புத்தகம் முடித்தோம் என்று மட்டும் எண்ணினால் இந்த வரவு கணக்கில் ஏறாமலே போய்விடும்.

இந்த வாரமே கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். மெலிந்த நூலாக இரண்டு எடுங்கள். ஒன்று ஒட்டாவிட்டால் மற்றது கையில் இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ காலைக் காபியோடோ, நாளில் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டு 8 பக்கம் வாசியுங்கள். இன்னும் வாசிக்கத் தோன்றினால் தாராளமாக வாசியுங்கள். நாளைய பங்கில் அதைக் கழிக்காதீர்கள்.